பெயர்த்தகடு இல்லாத என்ஜின்கள்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கற்றவை

சூரமங்கலத்தில் என் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் தகரக் கொட்டகையில் இப்போது 17 பழைய பெட்ரோல் என்ஜின்கள் இருக்கின்றன. எல்லாமே ஒருவரோ இருவரோ சேர்ந்து தூக்கிவிடக்கூடிய சிறிய என்ஜின்கள். இவற்றில் பெயர்த்தகடு ஒழுங்காக இருந்த நிலையில் என் கைக்கு வந்தவை 4 மட்டுமே. மற்ற 13-க்கும் எந்த நிறுவனம், எந்த மாடல், ஏறக்குறைய எந்தக் காலத்தது என்பதை நானேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரமும் வெர்னியரும் என் கைக்குப் பழக்கமானவை. இருந்தாலும் ஒரு என்ஜினைப் பழுது பார்ப்பதும் அது இன்னதென்று அடையாளம் காண்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பது, ஒரு நல்ல என்ஜினின் அடையாளத்தை நானே அழித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்தப் பகுதியில் இத்தகைய என்ஜின்கள் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. சமவெளிக் கிணறுகளில் டீசல் என்ஜின்களே மிகுதி. மலையில் நிலைமை வேறாக இருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி பயிரிடத் தொடங்கிய சேர்வராயன் மலையில், பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்கிவிட வேண்டும்; மறுநாளுக்கு வைத்தால் பழம் தானாகப் புளித்துக் கொட்டையின் தரம் கெட்டுவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பறிப்புக் காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலையில் சில மணி நேரம் பல்பர் ஓடியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், மின்கம்பி எட்டாத தோட்டங்களில் ஆளுக்கொரு சிறிய என்ஜின் வாங்கி வைத்தார்கள். இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்கும் ஸ்பிரேயர்களுக்கும் இதே அளவு என்ஜின்கள்தான். சேலத்தில் ஆடித் திருவிழாவுக்கு மைக்செட், டியூப்லைட் வாடகைக்கு விடுவோரிடமும் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்கள் இருந்தன. மின்சாரம் வந்ததும் இவையெல்லாம் கொட்டகை மூலைக்குப் போய், அங்கிருந்து எடைக்கு எடை காயலான் கடைக்கு வந்தன. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் நான் வாங்கிய முதல் மூன்று என்ஜின்களும் அப்படி வந்தவையே.

அந்த மூன்றில் ஒன்றில்தான் நான் தவறு செய்தேன். அது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்பது வாங்கும்போதே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர், ஃபிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தை மூடியிருக்கும் தகரக் கவசத்தில் பாதி படிக்கும்படி இருந்தது. துரு அதிகமாக இருந்ததால் கவசத்தைக் கழற்றி, நகரத்தில் உள்ள ஒரு பட்டறையில் சேண்ட் பிளாஸ்ட் செய்யக் கொடுத்தேன். தகரம் வெள்ளியாகத் திரும்பி வந்தது. பெருமையாகப் பெயின்ட் அடித்து மாட்டினேன். சில மாதம் கழித்து ஒரு பேக்கிங் தேவைப்பட்டு மாடல் எண்ணைத் தேடியபோதுதான், அந்த நிறுவனம் மாடல், டைப், கோட் (தயாரிப்புக் குறியீடு) ஆகிய மூன்று எண்களையும் அந்தக் கவசத்தின் மேல்தான் அழுத்திப் பதிக்கிறது என்பதை அறிந்தேன். மெல்லிய தகரத்தில் ஆழமில்லாமல் பதிந்திருந்த எழுத்தை மணல் முழுவதுமாகத் தின்றுவிட்டிருந்தது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சுத்தம் செய்யச் சொன்னவன் நான்.

எவ்வளவு செய்தியை இழந்தேன் என்பதைச் சொன்னால்தான் அந்த எண்களின் அருமை புரியும். எடுத்துக்காட்டாக 80302 என்று ஒரு மாடல் எண். முதலில் உள்ள 8, சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில், முழு எண்ணாக்கிச் சொல்கிறது. அடுத்த 0 வடிவமைப்பு வரிசை. அதற்கடுத்த 3, கிராங்க் தண்டு படுக்கை வசமானது, கார்பரேட்டர் ஃப்ளோ-ஜெட் வகை, வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் காற்றால் இயங்குவது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. நான்காவதாக உள்ள 0, பால் பேரிங் இல்லாத சாதாரண பேரிங். கடைசி 2, கயிறு தானே சுருட்டிக்கொள்ளும் ஸ்டார்ட்டர். கோட் எண் இதைவிட மதிப்புள்ளது: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. 740823 என்று தொடங்கினால் அந்த என்ஜின் 1974 ஆகஸ்ட் 23 அன்று தயாரானது. பிறந்த தேதியை இவ்வளவு வெளிப்படையாக உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் என்ஜினிடமிருந்து அதை நான் பறித்துவிட்டேன்.

மிச்சமிருந்த வழி அளவெடுப்பது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வெர்னியரால் அளந்தபோது சிலிண்டரின் விட்டம் 60.3 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 44.5 மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தை 0.7854-ஆல் பெருக்கி, அதைப் பிஸ்டன் ஓடும் தூரத்தால் பெருக்கினால் கொள்ளளவு வரும். இங்கே அது 127 சி.சி. ஒரு கன அங்குலம் 16.39 சி.சி. என்பதால் வகுத்தால் 7.75. அங்குலத்தில் சொன்னால் 2 3/8 விட்டமும் 1 3/4 ஓட்டமும். அந்த நிறுவனத்தின் 80000 வரிசையின் அளவு இதுவே. முழு எண்ணாக்கும்போது இதே 8-இல் வந்து நிற்கும் இன்னொரு என்ஜினும் உண்டு; மாடல் 8 என்று பெயர், 2 1/4 விட்டமும் 2 அங்குல ஓட்டமும் கொண்டது, கொள்ளளவு 7.95. ஆனால் அது வார்ப்பிரும்பு உடல் கொண்டது. என்னுடையதில் காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. அந்த நிறுவனம் அலுமினிய என்ஜினைக் கொண்டுவந்தது 1953-இல். ஆகவே என் என்ஜின் அதற்குப் பிற்பட்டது. ஃபிளைவீலுக்கு அடியில் மின்பொறிக்கான சி.பி. பாயின்டும் கண்டன்சரும் இருந்தன. 1982-இல் பாயின்ட் இல்லாத மின்னணு இக்னிஷன் அங்கே அறிமுகமானது என்பதால் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளியோடு திருப்தியடைய நேர்ந்தது. அன்று முதல் என் கொட்டகையில் ஒரு நடைமுறை: எந்த என்ஜினையும் படம் எடுத்து, நோட்டில் எழுதி முடிக்கும் வரை கம்பி பிரஷ் அதன் பக்கம் போவதில்லை.

இந்த நடைமுறையை முழுமையாகக் கடைப்பிடித்த என்ஜின் என்றால் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கிடைத்ததைத்தான் சொல்வேன். தோட்டத்துப் பல்பர் கொட்டகையைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள் என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னதன் பேரில் போனேன். மூலையில் சாக்குக்கு அடியில் இருந்தது. அங்கே நாற்பது ஆண்டுகளாக வேலை பார்த்த மேஸ்திரி ஐயாதான் காட்டினார்.

"இது ஓடி இருபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க சார். கரண்ட்டு மோட்டார் வந்ததுக்கப்புறம் யாரும் தொடலை. அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட நம்மள ஏமாத்துனதில்லைங்க" என்றார்.

என்ஜினை நகர்த்தும் முன் அது நின்ற இடத்தையும், அடிக்கட்டையையும், பெல்ட் ஓடிய திசையையும் படம் எடுத்துக்கொண்டேன். விசிறிக் கவசத்தில் முக்கால் பங்கு துருப்பிடித்துப் போயிருந்தது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள் மட்டும். பச்சையும் அதன் மேல் சிவப்பும் அதன் மேல் அலுமினியப் பெயின்டும் என்று மூன்று அடுக்கு நிறம். நிறத்தை வைத்து என்ஜினை அடையாளம் சொல்வோர் பலர் உண்டு. நம் ஊரில் தோட்டத்துக் கதவுக்கு அடித்த பெயின்டில் மிச்சமானதே என்ஜினுக்கும் அடிக்கப்பட்டிருக்கும் என்பதால், கடைசி அடுக்குக்கு அடியில் உள்ள முதல் நிறத்தைத் தவிர வேறு எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. அதையும் துணைச் சான்றாக மட்டுமே.

கார்பரேட்டர் அந்த என்ஜினோடு பிறந்ததல்ல என்பது பார்த்த உடனே தெரிந்தது. இடையில் கையால் அறுத்துச் செய்த ஒரு தடித்த அலுமினியத் தகட்டை வைத்து வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள். பெட்ரோல் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் கலவை ஊசியின் தலையில் அரத்தால் கீறியது போல ஒரு கோடு இருந்தது. நோட்டில் "ஊசித் தலையில் சேதம்" என்று எழுதினேன். பெட்ரோல் டேங்க் உள்ளே இரண்டு அறையாகப் பிரிக்கப்பட்டு, அடியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு திருப்புக் குழாய் இருந்தது. சின்ன அறையில் பெட்ரோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய்; பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, ஹெட் நன்றாகச் சூடான பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கம். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்பரேட்டரில் எரிபொருள் தேங்கும் மிதவை அறையில் உள்ள மண்ணெண்ணெயைக் காலி செய்யாவிட்டால் மறுநாள் எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது. டேங்கில் இரண்டு அறை இருந்தால் இந்த வகை என்று தயங்காமல் எழுதலாம்.

அடுத்து நான் பார்த்தது புரிகளை, அதாவது போல்ட்டிலும் அது ஏறும் துளையிலும் உள்ள திருகு வரிகளை. என் தொழிலில் இருந்தவர்களுக்கு இது எளிது. மற்றவர்களும் ஒரு த்ரெட் கேஜ் வாங்கி இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். இங்கிலாந்துப் பழைய என்ஜின்களில் விட்வொர்த் புரி. அதன் பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்க அங்குலப் புரிக்கும் ஜப்பானிய மெட்ரிக் புரிக்கும் கோணம் 60 பாகை. ஆக, ஒரு துளையின் புரியை அறிந்தாலே என்ஜின் எந்த நாட்டு வரைபடத்தில் பிறந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும். இதில் இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு. முதலாவது, 1/4, 5/16, 3/8 அங்குல அளவுகளில் விட்வொர்த்துக்கும் அமெரிக்கக் கரட்டுப் புரிக்கும் அங்குலத்துக்கு இத்தனை பல் என்ற கணக்கு ஒன்றே: 20, 18, 16. ஒன்றின் போல்ட் மற்றதில் ஏறியும் விடும். 1/2 அங்குலத்தில்தான் விட்வொர்த் 12, அமெரிக்கப் புரி 13 என்று பிரிகின்றன. சிறிய என்ஜினில் 1/2 அங்குலப் போல்ட் பெரும்பாலும் அடிக்கட்டையோடு சேர்க்கும் இடத்தில்தான் இருக்கும் என்பதால், கோணத்தைப் பார்த்தே முடிவு செய்யும் பழக்கம் வேண்டும். இரண்டாவது, போல்ட்டைப் பார்க்கக் கூடாது. உடலில் உள்ள துளையைத்தான் பார்க்க வேண்டும். போல்ட் தொலைந்து தொலைந்து, கைக்குக் கிடைத்தது மாட்டப்பட்டிருக்கும். நாகலூர் என்ஜினின் வெளிப் போல்ட்டுகளில் பாதி மெட்ரிக். அவற்றை வைத்து முடிவு செய்திருந்தால் ஜப்பான் என்று எழுதியிருப்பேன். கிராங்க் உறையின் துளைகளில் 55 பாகைக் கேஜ் ஒளி புகாமல் உட்கார்ந்தது.

பிறகு எண்ணைத் தேடினேன். மண்ணெண்ணெயில் நனைத்த பல் துலக்கும் பிரஷ்ஷால் கிராங்க் உறையின் பக்கவாட்டை மெதுவாகத் தேய்த்து, துணியால் ஒற்றி, காய்ந்த பின் சாக்கட்டியைப் படுக்கையாக வைத்துத் தடவினேன். மேடெல்லாம் வெள்ளையாக, பள்ளமான எழுத்து கறுப்பாக நின்றது. ஆனாலும் ஓர் இலக்கம் 1-ஆ 7-ஆ என்று பிடிபடவில்லை. டார்ச் விளக்கை நேராக அடித்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இரும்பை ஒட்டிப் படுக்கையாக, முதலில் இடப்பக்கமிருந்தும் பிறகு மேலிருந்தும் அடித்தபோது, 7-இன் தலைக்கோடு நிழலாக எழும்பியது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படியும் எடுத்துக்கொண்டேன். முன்னால் ஒரு சிறு எண்ணும் அதன்பின் நீண்ட எண்ணுமாக இரண்டு பகுதிகள் இருந்தன. வில்லியர்ஸ் என்ஜின்களில் எண்ணின் முற்பகுதி இந்த என்ஜின் எந்த அமைப்புக்குரியது என்பதையும், பிற்பகுதி அதன் வரிசை எண்ணையும் குறிக்கும். ஃபிளைவீல் மேல் விரல் தடிமனுக்கு இறுகியிருந்த கிரீஸை மரக்குச்சியால் சுரண்டியபோது, வில்லியர்ஸ் என்ற பெயரே ஆங்கிலத்தில் வார்ப்பெழுத்தாக வெளிப்பட்டது. கவசத்தில் மிச்சமிருந்த துண்டில் மாடல் பெயராக மார்க் என்ற சொல்லும் 25 என்ற எண்ணும் படிக்க முடிந்தது.

வில்லியர்ஸ், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் 1898-இல் சைக்கிள் உதிரிபாகம் செய்யத் தொடங்கிய நிறுவனம். 1956-இல் தன் 20 இலட்சமாவது என்ஜினை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வழங்கியது என்றால் எத்தனை செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். சேகரிப்பவருக்கு இது நல்ல செய்தி. இத்தனை செய்யப்பட்டதாலேயே ரிங், வால்வு, பாயின்ட் போன்றவை இன்றும் தேடினால் கிடைக்கின்றன. அதே காரணத்தால், வெளியே வில்லியர்ஸ் என்று எழுதியிருப்பதற்காக மட்டும் அரிய பொருள் என்று அதிக விலை கேட்பவரிடம் பணிந்துபோக வேண்டியதில்லை.

தகட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. சேலத்தில் ஒருவர் லிஸ்டர் டி வகை என்ஜின் என்று சொல்லி நல்ல விலை கேட்டார். பித்தளைத் தகடு உண்மையானதுதான். லிஸ்டர் நிறுவனத்தின் இங்கிலாந்து ஊரான டர்ஸ்லியின் பெயரும் இருந்தது. ஆனால் லிஸ்டர் டி, 1926-இல் வந்த நீர்க்குளிர்ச்சி என்ஜின். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அவர் காட்டியதோ காற்றுக்குளிர்ச்சிக்கான துடுப்புகள் வரிசையாக நிற்கும் சிலிண்டர். ரிவெட்டுகளும் புதியவை. விற்றவரே அறிந்து செய்தாரா, அவருக்கு முன் யாரோ செய்ததா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. மரியாதையாக விடைபெற்று வந்தேன். தகட்டில் எழுதியிருப்பதும் உடலின் அமைப்பும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். நீரா காற்றா, இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா, வால்வு சிலிண்டரின் பக்கத்தில் நிற்கிறதா ஹெட்டின் மேலே இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வி ஹோண்டா என்ஜின்களில் மிகவும் உதவும்: பழைய ஜி வரிசை பக்க வால்வு, 1983-இல் வந்த ஜி.எக்ஸ். வரிசை மேல் வால்வு, ஜி.கே. என்று தொடங்கினால் மண்ணெண்ணெய் வகை. ஹோண்டாவில் இந்தப் பெயர் கிராங்க் உறையிலேயே பெரிய எழுத்தாக வார்க்கப்பட்டிருப்பதால் அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை.

நாகலூர் என்ஜினைக் கீழே கொண்டுவந்த பிறகு அதை ஓட வைக்க மூன்று மாதம் ஆனது. ஃபிளைவீல் அசையவில்லை. இப்படிப்பட்ட என்ஜினைச் சுத்தியலால் தட்டித் திருப்ப முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. துடுப்பு உடையும், கிராங்க் வளையும். பிளக் துளை வழியாக டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி, நாள்தோறும் ஃபிளைவீலை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் லேசாக அசைத்து வந்தேன். பதினோராம் நாள் விரல் அகலம் நகர்ந்தது. பக்க வால்வு என்ஜினில் பிஸ்டனைவிட வால்வு சிக்கிக்கொள்வதே அதிகம் என்பதால், பிஸ்டன் விடுபட்டதும் சுற்றிப் பார்க்காமல் முதலில் வால்வு அறை மூடியைத் திறந்து இரண்டு வால்வும் இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹெட் பேக்கிங்கைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டே சுரண்டினேன். அந்தக் காலப் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதன் தூள் மூச்சில் போகக் கூடாது.

பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவின் பாயின்ட் முனைகள் பச்சை பிடித்திருந்தன. நைஸ் எமரித் தாளால் இரண்டு இழுப்பு, பிறகு எண்ணெய்ப் பசை போக வெள்ளைத் தபால் அட்டையை இடையில் விட்டு இழுத்து எடுத்தேன். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குலத்துக்கு நிறுத்தினேன். பழைய கண்டன்சர் செத்திருந்ததால் இருசக்கர வாகனக் கண்டன்சர் ஒன்றை வெளியே தெரியாதபடி பொருத்தி, அதையும் நோட்டில் குறித்தேன். மாற்றிய ஒவ்வொன்றையும் எழுதி வைக்காவிட்டால், எனக்குப் பிறகு இந்த என்ஜினைப் பார்ப்பவர் நான் வைத்ததையே பழையது என்று நம்பிவிடுவார்.

எரிபொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்பரேட்டர்களில் உள்ள கார்க் மிதவைக்கு மேல் பூசியிருக்கும் அரக்கை அது கரைத்துவிடும். மிதவை ஊறிக் கனத்து மூழ்கினால் பெட்ரோல் வழிந்து சூடான சைலன்சர் மேல் விழும். நான் கார்க் மிதவைகளை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் டேங்கையும் மிதவை அறையையும் வடித்துக் காலி செய்கிறேன், ஏனென்றால் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துருவை வளர்க்கும். கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்யும் என்ஜினில் கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் போய்விடும். மூடிய அறையில் ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

எல்லாம் சரிசெய்து முதன்முறை இழுத்தபோது நான்காவது இழுப்பில் கிளம்பியது. ஆனால் இரண்டு நிமிடத்தில் கார்பரேட்டர் வழியாகப் பட்பட்டென்று வெடித்து நின்றுவிட்டது. மறுபடியும் அப்படியே. ஜெட்டைக் கழற்றி ஊதினேன், டைமிங்கைச் சரிபார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் இந்த என்ஜின் இத்தனை ஆண்டும் எங்கே ஓடியது என்பது நினைவுக்கு வந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர் அளவில்தான். மேலே காற்றின் அடர்த்தி குறைவு, ஆகவே அதே அளவு பெட்ரோல் அங்கே அதிகமாகிக் கரும்புகை வரும். அதற்காக அங்கே ஊசியைச் சற்று மூடி வைத்து ஓட்டியிருப்பார்கள். அப்படி மூடிய ஊசியோடு கீழே வந்தால் காற்று மிகுந்து பெட்ரோல் போதாமல் பின்வெடிப்பு வரும். ஊசியை அரைச் சுற்று திறந்தேன். என்ஜின் ஒரே சீராக நின்று ஓடியது. உயரம் ஆயிரம் அடி கூடினால் இத்தகைய என்ஜினின் திறன் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால், கீழே அதற்கு ஆறில் ஒரு பங்கு வலிமை கூடியிருக்க வேண்டும்.

கடந்த பறிப்புக் காலத்தில், மேஸ்திரி ஐயாவுக்கு ஓட்டிக் காட்டலாம் என்று என்ஜினை வண்டியில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நாகலூருக்குக் கொண்டுபோனேன். தோட்டத்து வாசலில் இறக்கி வைத்துக் கயிற்றை இழுத்தேன். கிளம்பியது; நான் கீழே வைத்த அளவிலேயே ஊசி இருந்ததால் எதிர்பார்த்தபடி கரும்புகை கக்கியது. ஸ்குரூ டிரைவரை எடுக்க நான் குனிவதற்குள் அவர் முன்னால் வந்து, இரண்டு விரலால் ஊசியின் தலையைப் பிடித்து மெல்ல மூடினார். தலையில் இருந்த அந்த அரக் கோடு கார்பரேட்டர் உடலின் விளிம்புக்கு நேராக வந்ததும் கையை எடுத்துவிட்டார். புகை நின்றது, சத்தம் சீரானது.

"இந்தக் கோடு நான் போட்டதுங்க சார். ராத்திரி பல்பர் ஓட்டுறப்ப லாந்தர் வெளிச்சத்துல கண்ணு தெரியாது. விரல்ல தடவிப் பார்த்தே வச்சுக்கலாம்னு அரத்துல இழுத்து வச்சேன்."

வண்டியிலிருந்து நோட்டை எடுத்து, "ஊசித் தலையில் சேதம்" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "மலையில் ஓட்டும்போது ஊசி நிற்க வேண்டிய இடத்தின் குறி, தோட்டத்து மேஸ்திரி இட்டது" என்று எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன்.